டோகாமாக்கில் வானொலி அலையால் பிளாஸ்மாவைச் சூடாக்கும்போது டங்ஸ்டன் மாசு ஏன் கூடுகிறது?

அணுக்கரு இணைவுக்காகச் சூடான மின்னூட்ட வாயுவை, அதாவது பிளாஸ்மாவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவக் கருவி டோகாமாக். அதன் மையத்து அயனிகளைச் சூடாக்க அனுப்பும் அலை, சுவரின் உலோகமான டங்ஸ்டனை எப்படி உள்ளே கொண்டுவருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு மாணவனாகச் சில ஆண்டுகள் இதே கேள்வியோடு இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உலோகப் பரப்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில், உறை என்னும் அடுக்கு உண்டு. இலேசான எலக்ட்ரான்கள் முந்திக்கொண்டு சுவரில் சேர்ந்துவிடுவதால், அவற்றை இழுத்துப் பிடிக்கும் அளவுக்குப் பிளாஸ்மாவின் மின்னழுத்தம் சுவரைவிடச் சில பத்து வோல்ட் உயர்ந்து நிற்கும். அலையை அனுப்பும் ஆன்டெனா இயங்கும்போது காந்தப்புலக் கோட்டின் திசையிலும் ஊசலாடும் மின்புலம் சிறிது எழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எலக்ட்ரான்கள் வெளியேறும் வேகத்துக்குக் கனமான அயனிகளால் ஈடுகொடுக்க முடியாததால், டையோடில் நடப்பதைப் போல, அந்த ஊசலாட்டம் நூற்றுக்கணக்கான வோல்ட் நிலையான மின்னழுத்தமாக மாறிவிடுகிறது. இந்த மின்னழுத்தம் அயனிகளை முடுக்கிச் சுவரில் மோதவைக்கிறது. எரிபொருளான டியூட்டிரியத்தின் (கன ஹைட்ரஜன்) அயனி டங்ஸ்டன் அணுவைப் பெயர்க்க ஏறத்தாழ 200 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் போன்ற கனமான அயனிகளுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. பல மின்னூட்டம் ஏறியவை என்பதால் அதே உறையில் அவை பெறும் ஆற்றலும் பல மடங்கு. அளவில் குறைவாக இருந்தும் பெரும் சேதம் அவற்றாலேயே நேர்கிறது.

ஆன்டெனாவைத் தள்ளி வைக்கலாமே என்றால், அடர்த்தி குறைந்த விளிம்பில் இந்த அலை பரவாமல் தேய்ந்துவிடும். இடைவெளி கூடக்கூட மையத்துக்குச் செல்லும் திறன் விரைந்து குறையும்.

என்னை மிகவும் கவர்ந்த தீர்வு ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு என்னும் டோகாமாக்கில் கிடைத்தது. அங்கிருந்த ஆன்டெனாக்கள், மின்னோட்டம் பாயும் இரண்டு உலோகப் பட்டைகள் கொண்டவை. அவற்றின் மின்னோட்டம் ஆன்டெனாப் பெட்டியின் பக்கச் சுவர்களில் எதிர் மின்னோட்டத்தைத் தூண்டியது; காந்தப்புலக் கோட்டின் திசையில் எழும் மின்புலத்துக்கு இதுவே முக்கியக் காரணம். 2015-இல் பொருத்திய மூன்று பட்டை ஆன்டெனாவில், நடுப்பட்டைக்கு எதிர்க்கட்டத்தில் ஓரப்பட்டைகளை இயக்கி, திறன் விகிதத்தைச் சரியாக அமைத்தபோது, விளிம்பில் தூண்டப்படும் மின்னோட்டங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன; டங்ஸ்டன் வெளியீடு தெளிவாகக் குறைந்தது. அமெரிக்காவின் அல்கேட்டர் சி-மாட் டோகாமாக் வேறு வழியில் சென்று, ஆன்டெனாவையே காந்தப்புலத்துக்குச் செங்குத்தாகச் சாய்த்து அமைத்தது.

டங்ஸ்டன் அணுவில் 74 எலக்ட்ரான்கள் இருப்பதால் மையத்தின் வெப்பத்திலும் அது அவற்றை முழுமையாக இழக்காமல், கதிர்வீசிப் பிளாஸ்மாவைக் குளிர்விக்கிறது. ஒரு லட்சம் அயனிகளுக்குச் சில அணுக்கள் கலந்தாலே இழப்பு தெரியும். பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு டோகாமாக்கான ஈட்டர், பிளாஸ்மாவை நேரே எதிர்கொள்ளும் தன் முதற்சுவரைப் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றும் திட்டத்தை 2024-இல் வெளியிட்டபின், அங்கு ஆன்டெனாவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பரப்பிலும் இந்த உறை மின்னழுத்தக் கணக்கைப் போட்டாக வேண்டியிருக்கிறது.