ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்தது, முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வரவில்லை

வியாசர்பாடி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பத்தின் ஆறாவது மாதம் ஆகியும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வரவில்லை என்கிறீர்கள். பெட்டகம் கைக்கு வந்துவிட்டதால் உங்கள் பிக்மி பதிவு (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

ஆதாரை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அதைக் கணக்கோடு இணைப்பது வேறு. என் தங்கைக்கும் இதுதான் நடந்தது. கல்லூரியில் படித்தபோது திறந்த பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது. அவள் மறந்தே போன அந்தக் கணக்கில் பணம் கிடந்தது.

'மை ஆதார்' தளத்தில் உங்கள் எண்ணால் நுழைந்தால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று தெரியும். அந்த வங்கியின் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இணையவில்லை என்றால் வங்கிக்குப் போய் "மானியத்துக்காக ஆதார் இணைக்க வேண்டும்" என்று அப்படியே சொல்லுங்கள். அப்புறம் பிக்மி எண், ஆதார், பாஸ்புக் நகல்களோடு உங்கள் பகுதி செவிலியரைப் பாருங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: இந்தத் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000தான் பணம், மீதி இரண்டு பெட்டகங்கள். பணமும் தவணையாகத்தான் வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே இந்த உதவி. இணைப்பு சரியாக இருந்தும் வரவில்லை என்றால் தாமதம் பெரும்பாலும் அரசுப் பக்கம்தான். அந்தக் கோபத்தில் மாதப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள், இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.