கவராயம் வட்டம் போட மட்டும்தானா, அளக்கவும் உதவுமா?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் போடும் வட்டம் ஆரம்பித்த இடத்தில் வந்து சேர்வதில்லை, கவராயத்தை, அதாவது காம்பஸை, எப்படிப் பிடிக்க வேண்டும், அதை வைத்து அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வட்டம் சேராவிட்டால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். முதலில் கருவியைப் பாருங்கள். கால்களை விரித்து, பென்சில் காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். நகர்ந்தால் மேலே உள்ள திருகை இறுக்க வேண்டும். பென்சிலும் ஆடக் கூடாது. கால்களைச் சேர்த்து வைக்கும்போது ஊசி முனை பென்சில் முனையைவிட ஒரு நூல் நீண்டிருக்கட்டும், ஊசி தாளுக்குள் கொஞ்சம் இறங்குமே. தாளுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்தால் ஊசிக்குப் பிடிமானம் கிடைக்கும்.

அப்புறம் பிடி. உச்சியில் இருக்கும் குமிழை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உருட்ட வேண்டும். பிள்ளைகள் கால்களைப் பிடித்துச் சுற்றுகிறார்கள், அதனால்தான் பாதி வட்டத்துக்குள் ஆரம் மாறிவிடுகிறது. சுற்றும் திசையில் சற்றே சாய்த்து, அழுத்தத்தை ஊசியின் மேல் வையுங்கள்.

ஆரம் எடுக்கும்போது ஸ்கேலின் பூஜ்ஜியத்தில் ஊசியை வைக்காதீர்கள். அந்த ஓரம்தான் சீக்கிரம் தேயும். 1-ல் வைத்து 6 வரை விரித்தால் 5 செ.மீ.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வட்டம் போட்டதும் விரிப்பை மாற்றாமல் வட்டத்தின் மேல் ஒரு புள்ளியில் ஊசியை வைத்து, பென்சில் காலால் வட்டத்தை ஒரு சிறு வில் போட்டு வெட்டுங்கள். வெட்டிய புள்ளியில் ஊசியை வைத்து மறுபடி வெட்டுங்கள். ஆறாவது வெட்டு தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும். மையத்தோடு சேர்த்தால் அங்கே ஆறு சமபக்க முக்கோணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மையத்தில் 60 பாகை. விழவில்லை என்றால் ஊசி சரியாகப் புள்ளியில் நிற்கவில்லை, அல்லது எங்கோ விரிப்பு நழுவியிருக்கிறது. பாகைமானி இல்லாமல் 60 பாகை வரைவதும் இதே வேலைதான்.

இனி அளப்பது. நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது இதைத்தான்: கவராயம் ஒரு நீளத்தை எண்ணாக மாற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகும். ஸ்கேலில் படித்து, மனதில் வைத்து, இன்னோர் இடத்தில் குறித்தால் இரண்டு இடத்தில் பிழை நுழையலாம். கவராயத்தில் விரித்த விரிப்பு அப்படியே போய் உட்காரும். கவராயத்தின் திறமை எவ்வளவு பெரியது என்றால், கவராயமும் நேர்விளிம்பும் (அளவுக்குறி இல்லாத ஸ்கேல்) சேர்ந்து கண்டுபிடிக்கும் எந்தப் புள்ளியையும் கவராயம் தனியாகவே கண்டுபிடித்துவிடும். டென்மார்க்கின் கியோர்க் மோர் 1672-லும் இத்தாலியின் மாஸ்கெரோனி 1797-லும் இதைத் தனித்தனியாக நிறுவினார்கள்.

வளைந்து போகும் சாலையை வரைபடத்தில் அளக்க ஸ்கேல் உதவாது. பெட்டியில் இரண்டு காலிலும் ஊசி உள்ள டிவைடர் இருக்கும், அதை எடுங்கள். 1:50,000 அளவு வரைபடத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. டிவைடரை 1 செ.மீ. விரித்து வளைவின் மேல் நடக்க விட்டால் ஒவ்வோர் அடியும் அரை கி.மீ. வளைவு நெருக்கமாக இருந்தால் விரிப்பைக் குறையுங்கள். ஆனால் விரிப்பில் அரை மி.மீ. தவறினால் 20 அடியில் அது 1 செ.மீ. ஆகிவிடும், அதாவது 500 மீட்டர். அதனால் ஸ்கேலில் 10 அடி நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் வரைபடத்தில் வையுங்கள்.

தச்சு வேலையிலும் இதே குணம்தான் கை கொடுக்கிறது. சுவர் நேராக இல்லை, பலகை அதோடு ஒட்டி உட்கார வேண்டும் என்றால், பலகையைச் சுவரருகே அசையாமல் நிறுத்தி, அதிகமான இடைவெளிக்கு ஏற்பக் காம்பஸை விரித்து, ஊசி சுவரைத் தொட்டபடி சாய்க்காமல் இழுத்து வருவார்கள். சுவரின் மேடு பள்ளம் அப்படியே பலகையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் அறுத்தால் போதும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், கால்களுக்கு நடுவே குறுக்குத் திருகு உள்ளதை வாங்குங்கள். விரிப்பு நழுவாது. பெரிய வட்டத்துக்குத்தான் அது எட்டாது, பள்ளிக்கூட வேலைக்குத் தாராளமாகப் போதும்.