சீரம் தடவியும் முகம் வறள்வது ஏன்?

கேள்வி: பெரம்பூரில் இருந்தவரை முகத்தில் எண்ணெய் வழியும்; அவ்வப்போது பருவும் வரும். பணி மாற்றலாகி ஜோத்பூர் வந்து மூன்று மாதங்களாகின்றன. அழகு நிலையத்தில் சின்ன பாட்டிலில் ஊற்றித் தந்த ஹைலூரோனிக் ஆசிட் சீரத்தைத் தடவினால் முகம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் தோல் உரிகிறது. விலை கூடிய சீரம் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. ஹைலூரோனிக் ஆசிட், கிளிசரின் போன்றவை நீரைப் பிடித்துவைக்குமே தவிர, தாமாக நீரைத் தருவதில்லை. சென்னையின் கடற்காற்றில் ஈரம் இருப்பதால் இக்குறை தெரியாது. தார் பாலைவனத்தை ஒட்டிய ஊரிலோ, சீரம் பிடித்துவைத்த நீரை வறண்ட காற்று உறிஞ்சிவிடும். ஆகவே முகத்தைச் சாதாரண நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் மினுமினுக்கும்போதே இரண்டு மூன்று சொட்டு தடவி, அது காய்வதற்குள் செராமைடு (தோலின் ஈரத்தைக் காக்கும் ஒருவகைக் கொழுப்பு) கலந்த மாய்ஸ்சரைசரை மேலே பூசுங்கள். உரியும் இடத்தில் மட்டும் இரவில் துவரம்பருப்பு அளவு பெட்ரோலியம் ஜெல்லி போதும்.

பரு வரும் முகம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊரிலிருந்து தேங்காய் எண்ணெய் வரவழைத்து முகத்தில் பூசாதீர்கள்; அது சிலருக்குத் துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். பெட்ரோலியம் ஜெல்லி துளைகளை அடைப்பதில்லை. ஆனாலும் பரு உள்ள நெற்றி, கன்னங்களுக்கு எண்ணெய் சேராத மாய்ஸ்சரைசரே போதுமானது. பருவுக்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) களிம்பு பூசுபவராக இருந்தால், தோல் உரிவது நிற்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

என்னை வருத்துவது அந்தச் சின்ன பாட்டில்தான். அதைப் பூசுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். இங்கே தயாரித்த அழகுப் பொருளை உற்பத்தி உரிம எண் அச்சிடாமல் விற்பது சட்டவிரோதம். ஆனால் பெரிய கேனிலிருந்து ஊற்றி, 'இம்போர்ட்டட்' என்று கையால் எழுதிய சீட்டை ஒட்டி விற்பவர்களை யார் சோதிக்கிறார்கள்? ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் அரசாணை வந்த பிறகும், அவற்றைக் கலந்த 'பளபளப்பு' கிரீம்களால் தோல் மெலிந்து சிவந்த முகங்களை என் அறையில் வாரந்தோறும் பார்க்கிறேன். சட்டம் இருக்கிறது, சோதிக்க ஆளில்லை; கடையில் நாமே பாட்டிலைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. உரிம எண்ணும் கிளிசரினும் அச்சில் இருந்தால் விலை மலிந்த சீரமே உங்களுக்குப் போதும்.

இரண்டு வாரத்தில் எரிச்சல் குறையாவிட்டால், அல்லது உரிந்த இடத்தில் நீர் கசிந்தால், அங்குள்ள தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். இதுவரை பூசிய அனைத்தையும் அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள்.