ரேடியோ ட்ரெய்னிங்கை விட்டுடலாமான்னு கேட்ட அம்மாவுக்கு

உங்க மெசேஜ் படிச்சேன்மா. பொண்ணு கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் ட்ரெய்னிங்ல சேந்திருக்கா, முதல் நாளே ரெண்டு பக்கத்துக்கு வார்த்தைங்களா பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்துட்டாங்க, ஸ்குவெல்ச், ரிப்பீட்டர், வில்கோன்னு ஒண்ணும் புரியாம ராத்திரி பூரா உக்காந்து மனப்பாடம் பண்றா, இங்கிலீஷும் சரளமா வராது, பேசாம வேற கோர்ஸ்ல சேத்துடவான்னு கேக்குறீங்க. விட வேண்டாம்மா. படிக்கிற விதத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்க.

முதல்ல அந்த லிஸ்ட்டை வரிசையா மனப்பாடம் பண்றதை நிறுத்தட்டும். வாக்கி டாக்கியில ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், நம்ம போன் மாதிரி ரெண்டு பேரும் குறுக்க குறுக்கப் பேச முடியாது, பட்டனை அமுக்கிட்டு இருக்குற வரைக்கும் எதிர்ல இருக்குறவங்க சொல்றது காதுல விழாது. அந்தப் பட்டன்தான் பிடிடி, அதாவது புஷ் டு டாக். இந்த ஒரு கஷ்டத்தை மனசுல வச்சுக்கிட்டு லிஸ்ட்டைத் திரும்பப் பாத்தா, பாதி வார்த்தை எதுக்கு இருக்குன்னு அவளுக்கே தெரிஞ்சுடும். நான் முடிச்சுட்டேன் இனி நீ பேசுன்னு சொல்றதுக்கு ‘ஓவர்’. பேச்சே முடிஞ்சுது, பதில் எதிர்பாக்கலன்னா ‘அவுட்’. படத்துல வர்ற மாதிரி ‘ஓவர் அண்ட் அவுட்’னு ரெண்டையும் சேத்துச் சொன்னா, பதில் சொல்லு ஆனா சொல்லாதேன்னு அர்த்தம் வரும், ட்ரெய்னிங்ல அப்படிச் சொன்னா இன்ஸ்ட்ரக்டர் கண்டிப்பா சிரிப்பாரு.

அதிகமா தப்பாகுறது ‘ராஜர்’தான். நிறைய பேர் அதுக்கு ‘சரி, ஆமா’ன்னு அர்த்தம்னு நெனச்சுக்குறாங்க. நீங்க சொன்னது முழுசா வந்து சேந்துச்சு, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். செய்றேன்னு சொல்லணும்னா ‘வில்கோ’. ஆமான்னா ‘அஃபர்ம்’, இல்லன்னா ‘நெகட்டிவ்’. ‘அஃபர்மேட்டிவ்’னு நீட்டிச் சொன்னா, இரைச்சல்ல முன்பாதி போய் வால் மட்டும் கேட்டா அது நெகட்டிவ்வோட வாலா இருக்கும், அதனாலதான் விமானத்துறையில அஃபர்ம்னு வெட்டிட்டாங்க. திரும்பச் சொல்லுங்கன்னா ‘சே அகெய்ன்’. ‘ரிப்பீட்’னு சொல்றதைத் தவிர்க்கச் சொல்வாங்க, ராணுவத்துல பீரங்கிப் படைக்கு அந்த வார்த்தை போனா, போன தடவை சுட்ட இடத்துலயே திரும்பச் சுடுன்னு அர்த்தம்.

இதெல்லாம் சும்மா ஸ்டைலுக்கு வச்சதா பொண்ணு நெனச்சா, டெனரிஃப் விபத்தைப் பத்திப் படிக்கச் சொல்லுங்க. 1977 மார்ச் 27, கேனரி தீவுகள்ல லாஸ் ரோடியோஸ் ஏர்போர்ட், ஒரே மூடுபனி. கேஎல்எம் விமானம் ரன்வே முனையில நிக்குது, பான் ஆம் விமானம் அதே ரன்வேயிலதான் இன்னும் ஊந்துக்கிட்டு இருக்கு. கேஎல்எம் பைலட் ‘நாங்க டேக்ஆஃப்ல இருக்கோம்’ங்கிற மாதிரி ஒரு தெளிவில்லாத வார்த்தை சொல்றாரு, டவர்ல இருந்து ‘ஓகே’ன்னு ஆரம்பிச்சு கொஞ்சம் நிறுத்தி, ‘காத்திருங்க, நான் கூப்பிடுறேன்’னு சொல்றாங்க, அதே நொடியில பான் ஆம் பைலட்டும் நாங்க இன்னும் ரன்வேயிலதான் இருக்கோம்னு பட்டனை அமுக்கிப் பேசிட்டாரு. ரெண்டு சிக்னலும் மோதி கேஎல்எம் காக்பிட்ல கீச்சுன்னு ஒரு சத்தம், தெளிவா விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும்தான். 583 பேர் செத்துப் போனாங்க. காரணம் இது ஒண்ணு மட்டும் இல்ல, ஆனா அதுக்கப்புறம் ‘டேக்ஆஃப்’ங்கிற வார்த்தையை நிஜமா அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும், மத்த நேரத்துல ‘டிபார்ச்சர்’னு சொல்லணும்னு வழக்கத்தை மாத்துனாங்க. இதை ஒரு தடவை படிச்சவங்க ‘ரீட்பேக்’னா என்னன்னு மறக்க மாட்டாங்க, சொன்ன உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டறதுதான் அது.

இங்கிலீஷ் சரளமா வராதுன்னு சொன்னீங்கள்ல, அதுக்குப் பதில் சொல்லிடறேன். ரேடியோல இலக்கணத்தோட அழகாப் பேசறவங்க வேண்டாம், குறிப்பிட்ட வார்த்தையை குறிப்பிட்ட இடத்துல நிதானமா சொல்றவங்கதான் வேணும். பேச்சே ஒரு அச்சுலதான் இருக்கும். யாரைக் கூப்பிடறோமோ அவங்க பேர் முதல்ல, நம்ம பேர் அப்புறம். ‘கன்ட்ரோல், மொபைல் ஃபோர், ஓவர்.’ ‘மொபைல் ஃபோர், கன்ட்ரோல், கோ அஹெட், ஓவர்.’ இதையே நாளுக்கு நாப்பது தடவை பேசறதுதான் வேலை. எழுத்துக்கூட்ட ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு வர்ற அகராதி 1956ல இருந்து விமானத்துறையில உலகம் பூரா ஒண்ணுதான், இதை மட்டும் மனப்பாடம் பண்ணியே ஆகணும், வேற வழி இல்ல. ரோட்டுல போற வண்டி நம்பர் எல்லாத்தையும் வாய்விட்டு அப்படிப் படிச்சுக்கிட்டே போனா ரெண்டு வாரத்துல வந்துடும். நம்பரை ‘ஃபிஃப்டீன்’னு சொல்லக்கூடாது, ஃபிஃப்டின்னு காதுல விழும், ‘ஒன் ஃபைவ்’னு பிரிச்சுச் சொல்லணும், ஒன்பதை ‘நைனர்’னு சொல்லணும். ஒண்ணே ஒண்ணு, கன்ட்ரோல் ரூமோட நிக்காம ஏர் டிராஃபிக் கன்ட்ரோலுக்குப் போகணும்னு ஆசைப்பட்டா, அங்க ஐசிஏஓ, அதாவது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்போட அளவுகோல்ல குறைஞ்சது 4வது லெவல் இங்கிலீஷ் வேணும், அதுக்குத் தனியா உழைக்கணும்.

லிஸ்ட்டோட இன்னொரு பாதி வாயால பேசற வார்த்தை இல்ல, செட்டை, அதாவது ரேடியோ கருவியைப் பத்தின வார்த்தை. இதையும் ‘இது எந்தத் தொல்லைக்கு மருந்து’ன்னு கேட்டுப் படிச்சா போதும். யாரும் பேசாதப்ப ஸ்பீக்கர்ல சர்ருன்னு இரைச்சல் வரும், அதை அடைச்சு வைக்கறது ஸ்குவெல்ச், அதை ஓவரா ஏத்தி வச்சா தூரத்துல இருந்து வர்ற மெல்லிசான சிக்னலும் சேந்து அடைபட்டுடும். கையில இருக்குற செட்டோட பவர் பெரும்பாலும் 5 வாட்டுக்குள்ளதான், நடுவுல மலையோ கட்டடமோ வந்தா தீந்துது, அதனால உசரமான இடத்துல ஒரு செட்டை வச்சு ஒரு ஃப்ரீக்வென்சியில வாங்கி இன்னொரு ஃப்ரீக்வென்சியில திருப்பி விடுவாங்க, அதுதான் ரிப்பீட்டர். விஎச்எஃப்ங்கிற அலைவரிசை 30ல இருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், திறந்த வெளிக்கும் கடலுக்கும் நல்லாருக்கும். அதுக்கு மேல யூஎச்எஃப், கட்டடத்துக்குள்ள நல்லா நுழையும்.

பட்டனை அமுக்கின உடனே பேச ஆரம்பிக்கக்கூடாதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ரிப்பீட்டர் முழிச்சுக்க ஒரு கண நேரம் ஆகும், அவசரப்பட்டா முதல் வார்த்தை வெட்டிப் போயிடும், ‘டோன்ட் என்டர்’ங்கிறது ‘என்டர்’னு போய்ச் சேந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. அமுக்கு, ஒரு மூச்சு நிறுத்து, அப்புறம் பேசு. மைக்கை வாய்க்குள்ள வச்சுக்கிட்டுக் கத்தக்கூடாது, ரெண்டு மூணு இன்ச் தள்ளி வச்சு சாதாரணக் குரல்ல பேசினா போதும்.

சிடிசிஎஸ்எஸ்னு பயமுறுத்தற மாதிரி இருக்கே, அது குரலோட சேந்து போற, நம்ம காதுக்கு வராத ஒரு மெல்லிசான டோன். அந்த டோன் இருந்தாதான் நம்ம செட் வாயைத் திறக்கும், அதனால அதே சேனல்ல இருக்குற வேற கும்பலோட பேச்சு நமக்குக் கேக்காது. கடையில விக்கறவங்க இதை ‘ப்ரைவசி கோட்’னு சொல்லி விப்பாங்க, அதை நம்பி ரகசியம் பேசிடக் கூடாது, டோனை ஆஃப் பண்ணி வச்சிருக்குற யாரும் நாம பேசறதைக் கேக்கலாம். இன்டர்வியூல இதைக் கேட்டா இந்த ஒரு வரியைச் சொல்லட்டும், விஷயம் தெரிஞ்ச பொண்ணுன்னு புரிஞ்சுக்குவாங்க. டிஎம்ஆர், டெட்ரா ரெண்டும் டிஜிட்டல் ரேடியோ முறைங்க, டிரங்கிங், டாக்குரூப்பும் இப்பல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். ஆபரேட்டருக்கு இப்போதைக்கு டாக்குரூப்னா ஒரே வேலைக்காரங்களைச் சேத்து வச்ச குழுன்னு தெரிஞ்சா போதும்.

அடுத்து என்னன்னும் கேட்டிருந்தீங்க. பேசற பக்கம் அவளுக்குப் பிடிச்சா ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் கன்ட்ரோல் ரூம், ஏர்போர்ட் தரைப்பணி இதெல்லாம் இருக்கு. கப்பல் பக்கம் போனா ஜிஎம்டிஎஸ்எஸ், அதாவது கடல்ல ஆபத்துன்னா உதவி கூப்பிடற ரேடியோ முறை, அதுக்கான ஆபரேட்டர் சர்டிஃபிகேட் வாங்கணும், அங்க உயிருக்கு ஆபத்துன்னா சொல்ற ‘மேடே’, அதுக்கு அடுத்தபடி அவசரத்துக்குச் சொல்ற ‘பான் பான்’, ஆபத்துக் குரலுக்குன்னே இருக்குற சேனல் 16 எல்லாம் உயிர் விஷயம். செட்டைப் பிரிச்சுப் பாக்கற பக்கம் பிடிச்சா ஆன்டெனா, அது செட்டோட சரியாப் பொருந்துதான்னு காட்டற எஸ்டபிள்யூஆர் அளவு, ரிப்பீட்டர் புரோகிராமிங்னு ஆர்எஃப், அதாவது ரேடியோ அலை சம்பந்தப்பட்ட டெக்னீஷியன் வேலை தனி உலகம், அதுக்கு கணக்கும் எலக்ட்ரானிக்ஸும் வேணும். ரெண்டுல எதுன்னு தெரியலன்னா பொழுதுபோக்கா ரேடியோவுல பேசறவங்களுக்கான ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாக்கட்டும், அதுல ரெண்டும் வரும். லைசென்ஸ் வேணுங்கிற செட்டை, லைசென்ஸ் இல்லாம ஆன்லைன்ல வாங்கி வீட்டுல உக்காந்து பேசிப் பழக மட்டும் விட்டுடாதீங்க, அது சட்டப்படி சிக்கல்.

பயிற்சிக்கு உங்க போன் போதும்மா. அவ ஒரு ரூம்ல, நீங்க ஒரு ரூம்ல, ஓவர்னு சொல்ற வரைக்கும் மத்தவங்க வாயைத் திறக்கக்கூடாது, நீங்க ஒரு வண்டி நம்பரும் ஒரு இடமும் சொல்லுங்க, அவ அப்படியே திருப்பிச் சொல்லணும். ஒரு வாரம் இப்படிப் பண்ணிட்டு, அவங்க குடுத்த அந்த ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எதை இப்பப் படிக்கணும் எதைத் தள்ளிப் போடலாம்னு மார்க் பண்ணித் தர்றேன்.