13 லட்சத்தில் காருக்கு எவ்வளவு போகிறது?

கேள்வி: திருவண்ணாமலையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்போதுள்ள பழைய சிறிய காரில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். அவ்வப்போது ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மாமனார் ஊருக்குப் போகிறோம். கடைசிச் சில கிலோமீட்டர் பாதை மோசம். சிறிய கிராஸ்ஓவர் (சற்று உயர்ந்த உடல் கொண்ட கார்) ஒன்றின் உயர்ந்த வேரியன்ட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். "பாதி ஜீப் மாதிரி, மலைக்கு ஏற்றது. இன்ஷூரன்ஸ் பம்பர் டு பம்பர். பழைய வண்டியையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள் ஷோரூமில். மொத்தம் 13 லட்சம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த வேரியன்ட் வேண்டாம். கொட்டேஷனில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை போடாதீர்கள்.

'பாதி ஜீப்' என்பது விற்பனைப் பேச்சு. மாருதி ஃபிரான்க்ஸ், பலேனோவின் அடித்தளத்தில் எழுந்த வண்டி. ஹூண்டாய் எக்ஸ்டர், கிராண்ட் ஐ10 நியோஸுக்குப் பங்காளி. இவற்றிலும் சரி, டாடா பஞ்ச், நிசான் மேக்னைட்டிலும் சரி, எஞ்சினின் இழுவை முன் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகிறது. சேற்றில் உங்கள் பழைய கார் எங்கே சிக்குமோ, ஏறத்தாழ அங்கேதான் இதுவும் சிக்கும். கூடுதலாகக் கிடைப்பது உயரம். பலேனோவின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர், ஃபிரான்க்ஸுக்கு 190. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தள்ளிவிடாதீர்கள். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் மாமனார் வீட்டு அரிசி மூட்டையும் ஏறினால் வண்டி எவ்வளவு தாழும் என்பது உங்களுக்கே தெரியும். வேகத்தடையில் அடிவயிறு உரசுவதும் உரசாததும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் பாதைக்கு அது போதும்.

முழங்கால் வலிக்கும் இந்த உயரம் நல்லது. இருக்கை இடுப்பளவுக்கு வந்துவிட்டால் குனிந்து விழவேண்டாம், ஊன்றி எழவேண்டாம். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போய்ப் பின்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பஞ்சின் கதவுகள் கிட்டத்தட்ட 90 டிகிரி திறப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால், ஏ.எம்.டி. (சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றும்) வகையை முழு ஆளோடு ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். காரைப் பற்றி இவ்வளவு போதும். உங்களுக்கு ஆபத்து காரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

இந்த வண்டிகளில் சிலவற்றின் நீளம் 3,995 மில்லிமீட்டர், 3,994 மில்லிமீட்டர் என்று நான்கு மீட்டருக்கு மயிரிழை குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மீறினால் 40. டேப் பிடித்து அளந்து வரி போடும் அரசு. அந்த டேப்புக்கு ஏற்ப பம்பரைச் செதுக்கும் நிறுவனம். அவர்களுக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும். வாங்குகிறவருக்கும் ஒரு கோடு இருக்கிறது, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை உயர்த்தினார்கள். 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை 18. வருமான வரியைப் போல, தாண்டிய தொகைக்கு மட்டும் உயர்ந்த விகிதம் என்ற நியாயம் இங்கே கிடையாது. முழு விலைக்கும் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. காரின் விலையில் 20,000 கூடியதற்கு வரியில் 53,100 கூடுகிறது. இதை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் தன் பணத்தில் கார் வாங்கியவராக இருக்க முடியாது. 10 லட்சத்துக்கு மேல் போனால் வருமான வரிக்காக 1 சதவீதத்தையும் ஷோரூமில் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே சன்ரூஃபை விடுங்கள். சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலை 10 லட்சத்துக்குக் கீழே நிற்கும் வேரியன்ட்டை எடுங்கள். ஆறு ஏர்பேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள். 'ஆர்.டி.ஓ. மற்றும் இதர செலவு' என்று ஒரே வரியில் மொத்தமாக ஒரு தொகை இருந்தால், அந்த 'இதர' யாருடைய பாக்கெட் என்று கேளுங்கள். அரசுக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாத தொகை அரசுக்குப் போவதில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ், கட்டாய ஆக்ஸசரி கிட் இரண்டையும் அடித்துவிடுங்கள். முன்பணத்தை விற்பனையாளரின் சொந்த மொபைல் எண்ணுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அடுத்தது என் தொழில் சார்ந்த விஷயம். வாகனச் சேத மதிப்பீட்டாளராக இருப்பதால் இதில் எனக்குப் பொறுமை குறைவு. இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாண்டுத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அதன் தொகை அரசு நிர்ணயித்தது, எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். வித்தியாசம், உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக்கொண்டு போங்கள்; 'கம்பெனி ரூல் சார்' என்றவர் எப்படிக் குறைக்கிறார் என்று பார்க்கலாம்.

கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன்களில் பெரும்பாலானவை வேண்டாம். தேய்மானம் கழிக்காத பாலிசி வேண்டும். கிராஸ்ஓவர்களில் சக்கர வளைவிலிருந்து பம்பர் வரை பிளாஸ்டிக் அதிகம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். அப்படிக் கழிக்காத பாலிசியைத்தான் 'பம்பர் டு பம்பர்' என்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டால் எல்லாம் அடங்கியது போலத் தோன்றும். அடங்காது. தண்ணீர் புகுந்து போன எஞ்சின் அதில் வராது.

இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊரும் அப்போது பட்டது. நிறுத்தியிருந்த வண்டி மூழ்கினால், சீட், தரைவிரிப்பு, வயரிங் சேதமெல்லாம் ஓன் டேமேஜில் வரும். ஆனால் தண்ணீர் வடிந்ததும் நம்மவர் முதலில் செய்வது சாவியைத் திருகுவது. காற்று போகும் வழியில் உள்ளே போன தண்ணீர் சிலிண்டரில் நிற்கிறது. தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து அதை முட்டுகிறது, கனெக்டிங் ராட் வளைகிறது. அதை வெள்ளச் சேதமாக நிறுவனம் ஏற்காது. நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று எழுதிவிடும். அந்தச் செலவுக்குத் தனியாக 'எஞ்சின் புரொடெக்ட்' ஆட்-ஆன் வேண்டும். அது இருந்தாலும் திரும்பத் திரும்ப முயன்றிருந்தால் கேள்வி வரும். மூழ்கிய வண்டியைத் தொடாதீர்கள். தண்ணீர்க் கோடு தெரியப் படம் எடுங்கள், நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பழைய வண்டி. எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் அது நேராக ஒரு புரோக்கரிடம் போகலாம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களை நிரப்பாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்வரை உங்கள் பெயரிலேயே ஓட்டுவார்கள். அந்த வண்டி யாரையாவது இடித்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவர் பெயரை நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீது, அவருடைய அடையாள அட்டை நகல் இரண்டும் வாங்குங்கள். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் பார்க்கும்வரை விடாதீர்கள்.

அதே பழைய வண்டியில் உங்களுக்குச் சேரவேண்டிய ஒன்று இருக்கிறது, ஷோரூமில் தானாக எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். இழப்பீடு கேட்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்கான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதில்லை, உங்களுக்கு உரியது. ஐந்தாண்டு கிளெய்ம் இல்லை என்றால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் கழியும். விற்ற ஆதாரத்தைக் காட்டிப் பழைய நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி, புதிய பாலிசி போடும்போது கொடுங்கள். கடிதம் மூன்று ஆண்டுகள் செல்லும்.