கோழிச் செள்ளுக்கு வேதி மருந்தா, வேப்பெண்ணெயா?

கேள்வி: எட்டுக் கோழிகளை மரக்கூண்டில் வைத்து வளர்க்கிறேன். சில வாரங்களாக முட்டை குறைந்துவிட்டது. இரண்டு கோழிகளின் கொண்டை வெளுத்திருக்கிறது. மாலையில் கூண்டுக்குள் போக மறுக்கின்றன. இரவில் உள்ளே கையை விட்டால் பொடிப் பூச்சிகள் ஏறுகின்றன. மருந்து விற்பவர் மாட்டு உண்ணிக்கான மருந்தைச் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்து, கோழி மேல் தெளிக்கச் சொன்னார். வேப்பெண்ணெயும் சாம்பலும் போதும் என்கிறார்கள் வீட்டில். முட்டையைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மாட்டு மருந்தைப் பிரித்து ஊற்றி விற்கும் பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. லேபிள் இருக்காது, அளவு இருக்காது. "ஒரு மூடி போதும்" என்று வாய்வார்த்தை மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது சைபர்மெத்ரினா, டெல்டாமெத்ரினா, அமிட்ராஸா? கோழி துவண்டு விழுந்தால் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். உங்களிடம் பதில் இருக்காது. கோழி மேல் தூவவென்றே விற்கப்படும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளில் மருந்து 0.25 சதவீதம்தான். அதே பெர்மெத்ரின், நீரில் கலந்து தெளிக்க விற்கப்படும் அடர்கரைசலில் 10 சதவீதம் வரை இருக்கும். நாற்பது மடங்கு! மூடிக் கணக்கில் அளந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் மூலப்புட்டியைக் காட்டச் சொல்லி லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். காட்ட மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இனி உங்கள் கூண்டுக்கு வருவோம். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் பூச்சி தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கூண்டுக்குள் போக மறுப்பது, இரவில் கையில் ஏறுவது, கொண்டை வெளுப்பது மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சிவப்புச் செள்தான். உறுதி செய்வது எளிது. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, கோழிகள் உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடுகள் விழுந்தால், அது உங்கள் கோழிகளின் ரத்தம். பகலில் அதே கம்பைக் கழற்றி, அது சட்டத்தில் பொருந்தும் முனையைப் பாருங்கள். வெள்ளையும் கருப்புமாகப் பொடி அப்பியிருக்கும். விரலால் கீறினால் சாம்பல் நிறப் புள்ளிகள் நகரும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ரத்தம் குடித்தது மட்டும் சிவந்திருக்கும்.

இந்தச் செள் வாழ்வது மூட்டைப்பூச்சியைப் போல. இரவில் வந்து குடித்துவிட்டு விடிவதற்குள் மர இடுக்குக்குத் திரும்பிவிடும். பகலில் கோழி மேல் மருந்து தெளித்தால் நனைவது கோழி மட்டும்தான். நல்ல வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக ஏழு முதல் பத்து நாள் போதும். ரத்தமே கிடைக்காவிட்டாலும் குளிர்ந்த சூழலில் எட்டு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே "கூண்டை ஒரு மாதம் காலியாகப் போட்டால் செத்துவிடும்" என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வேதி மருந்தா இயற்கையா என்பது இதனால்தான் இரண்டாவது கேள்வி ஆகிறது. முதல் கேள்வி, எங்கே போடுவது என்பது. கூண்டில் போட வேண்டியதைக் கோழியில் போட்டால் இரண்டுமே தோற்கும்.

இன்றிரவே கோழிகளை வேறு இடத்தில் தூங்க வையுங்கள். அட்டைப்பெட்டியோ கம்பிக்கூண்டோ எதுவானாலும் சரி, காற்றோட்டமும் நாய், பூனையிடமிருந்து பாதுகாப்பும் இருந்தால் போதும். பகலில் பெரும்பாலான செள் கோழி மேல் இருக்காது என்பதால், இந்த இடமாற்றமே அன்றிரவு நடக்கவிருந்த ரத்தக் கொள்ளையை நிறுத்திவிடும். வெளுத்த கொண்டையுடன் இருக்கும் இரண்டும் சோர்ந்து உட்கார்ந்தாலோ தீனி எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்தசோகையில் கோழி சாகும்.

மறுநாள் கூண்டைக் காலி செய்யுங்கள். கூளம் முழுவதையும் மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். கம்புகள், முட்டைப்பெட்டி, கழற்ற முடிந்த பலகை எல்லாவற்றையும் கழற்றி, இடுக்குகளில் கொதிநீரை ஊற்றுங்கள். செள்ளுக்கு 45 டிகிரிக்கு மேல் தாங்காது. நார்வே பண்ணைகளில் காலிக் கொட்டகை முழுவதையும் சூடேற்றியே ஒழிக்கிறார்கள். உங்களுக்குக் கெட்டில் போதும். தீப்பந்தம் வேண்டாம், மரக்கூண்டு எரிந்துவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், அதே காரணத்துக்காகவும், கோழியின் தோலைப் புண்ணாக்கும் என்பதற்காகவும். ஆணித்தலை, கீல், கூரைத்தகட்டின் அடி, கூரையில் பழைய குருவிக்கூடு இருந்தால் அது, எதையும் விடாதீர்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மருந்து.

இப்போது இயற்கை மருந்துகளைப் பார்ப்போம். எட்டுக் கோழிக் கூண்டுக்கு நான் முதலில் சொல்வது சிலிக்கா தூள். டயட்டம் மண் என்று விற்கப்படுவதும் அந்த வகைதான். செள்ளின் உடலைப் பூசியிருக்கும் மெழுகுப் படலத்தை உறிஞ்சி அதை உலர்த்திக் கொல்கிறது. இது நஞ்சாக வேலை செய்வதில்லை என்பதால் செள் இதற்கு எளிதில் பழகுவதில்லை. ஆனால் தூள் ஈரமானால் வேலை நின்றது. இடுக்குகளில் தூரிகையால் செலுத்துங்கள். கோழி மேல் அள்ளிக் கொட்டாதீர்கள். அந்தத் தூசு கோழியின் நுரையீரலுக்கும் ஆகாது, உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. முகக்கவசம் கட்டாயம். நீச்சல் குளத்து வடிகட்டிக்கு விற்கும் டயட்டம் மண்ணை வாங்கிவிட வேண்டாம். சுட்டெடுத்த அந்த வகையில் படிகச் சிலிக்கா அதிகம், நுரையீரலுக்கு அது இன்னும் கெடுதல்.

வேப்பெண்ணெயை மரத்தில் பூசலாம். கம்பு முனைகளிலும் இடுக்குகளிலும் எண்ணெய் ஊறினால் அதில் மாட்டிய செள் சாகும், படாதது பிழைக்கும். கோழியை எண்ணெயில் குளிப்பாட்டுவது தவறு. இறகு ஒட்டிப்போய் உடல் சூடு இறங்கிவிடும். சாம்பலை உலர்வாக மண் குளியலில் கலக்கலாம், ஆனால் ஈரமான சாம்பல் தோலை அரிக்கும். கோழி பகலில் குளிக்கும் மண்ணுக்கு, இரவில் மட்டும் வரும் சிவப்புச் செள் வரவே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். பூண்டு கரைத்த தண்ணீர் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை. அதை நம்பிக் கூண்டைக் கழுவாமல் இருப்பதில்தான் ஆட்சேபம்.

"நூறு சதவீதம் மூலிகை" என்று எழுதிய தெளிப்பான்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் செள் ஒழிக்க, யூகலிப்டஸ், மெந்தால் கலந்த தாவர மருந்து என்ற பெயரில் ஒன்றைத் தெளித்தார்கள். அற்புதமாக வேலை செய்தது. சோதித்தபோது உள்ளே ஃபிப்ரோனில் இருந்தது. உணவுக்கான கோழிகளுக்கு ஐரோப்பாவில் அனுமதியே இல்லாத பூச்சிக்கொல்லி அது. பல நாடுகளின் கடைகளிலிருந்து பல லட்சம் முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். சோதனையும் சான்றிதழும் நிறைந்த இடத்திலேயே இப்படி என்றால், உள்ளிருக்கும் பொருள்களின் பெயரையே எழுதாத புட்டியை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? மூலிகைத் தெளிப்பான் ஒரே இரவில் எல்லாச் செள்ளையும் கொன்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வேதி மருந்தை நான் எதிர்க்கவில்லை. கொதிநீரும் சிலிக்காவும் இரண்டு சுற்றுப் போட்டும் துணியில் சிவப்புக் கோடு விழுந்தால், கோழிக்கூண்டில் பயன்படுத்தலாம் என்று லேபிளில் எழுதியிருக்கும் பெர்மெத்ரினைத் தெளியுங்கள். காலிக் கூண்டில் தெளித்து, முழுக்கக் காய்ந்த பிறகே கோழிகளை விடுங்கள். செள்ளின் முட்டையை இந்த மருந்து கொல்லாது. எனவே ஐந்து முதல் ஏழு நாளில் மறுபடி தெளித்தே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் "மருந்து வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்கள்தான் அதிகம். வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை அதைக் கிட்டே விடாதீர்கள். பூனைக்குப் பெர்மெத்ரின் கொடிய நஞ்சு. மீன் தொட்டிக்கும் தேனீக்கும் அப்படியே. இரண்டு முறை ஒழுங்காகத் தெளித்தும் செள் நடமாடினால் அளவைக் கூட்டாமல் மருந்து வகையை மாற்றுங்கள். இந்த வகை மருந்துகளுக்குப் பழகிவிட்ட செள் பல நாடுகளில் உண்டு.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை யாராவது சொல்வார்கள். முட்டையிடும் கோழிக்குப் பெரும்பாலான நாடுகளில் அதற்கு அனுமதி கிடையாது. கொழுப்பில் கரையும் மருந்து அது, நேராக மஞ்சள் கருவுக்குப் போகும். ஒரு மஞ்சள் கரு வேகமாகத் திரண்டு முடிய ஏறக்குறைய பத்து நாள் ஆகும். இன்று போட்ட மருந்து அடுத்த வாரத்து முட்டையிலும் இருக்கும் என்பது அதன் பொருள். குழந்தைகள் சாப்பிடும் முட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் எழுதித் தந்து, எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்றும் சொன்னாலொழிய வேண்டாம்.

உண்மையில் நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. ஃப்ளுரலானர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-ல் கோழிகளுக்கு அனுமதி பெற்றது. உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், குடிநீரில், ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை. ரத்தம் குடிக்கும் செள் சாகும். அந்த அனுமதியின்படி முட்டையை ஒரு நாள்கூட ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருப்பவரை நினைத்தே இப்படிப்பட்ட மருந்துகளை உருவாக்குகிறார்கள், அடைக்கிறார்கள், அனுமதிக்கிறார்கள். எட்டுக் கோழிக்காரர் எந்தக் கோப்பிலும் இல்லை. அவரை மாட்டு மருந்துக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த அலட்சியம்தான். இதே பொருள் நாய்களின் உண்ணி மாத்திரையிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை உடைத்துக் கோழிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலை வேண்டாம். அளவும் தெரியாது, முட்டைக்குப் பாதுகாப்பு என்ற உறுதியும் அதற்குப் பொருந்தாது. உங்கள் நாட்டில் கோழிக்கு அனுமதி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பகலிலேயே கோழியின் பின்துவாரத்தைச் சுற்றி இறகு கருத்து அழுக்காகி, விலக்கினால் செள் ஓடுகிறது என்றால் அது வேறு இனம். கோழி மேலேயே குடியிருப்பது. அதற்கு மட்டும் கோழி மேல் மருந்து போட வேண்டும்: மேலே சொன்ன 0.25 சதவீதத் தூள், அல்லது மண் குளியலில் கந்தகத்தூள். கலிபோர்னியாவில் நடந்த ஆய்வுகளில் கந்தகம் கலந்த குளியல் இந்த வகைச் செள்ளை நன்றாகவே ஒழித்தது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் செதில் தடித்துத் தூக்கிக்கொள்வது இன்னொரு வகைச் செள்ளால். அதற்குக் கால்களில் வாஸ்லைன் தடவிவர வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயைத் தடவச் சொல்பவரை விட்டு விலகுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அடைக்கோழிக்குப் பொருந்தாது. உங்களிடம் இப்போது இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் செள் அதிகம் கொல்வது இவளைத்தான். இருபத்தொரு நாள் ஒரே இடத்தில் உட்காருகிறாள். நாளுக்குக் கால் மணி நேரம்போல்தான் எழுந்து போகிறாள். அவளுக்கு அடியிலேயே, வைக்கோலுக்குள், செள் பகலும் இரவும் தங்கிப் பெருகுகிறது. முட்டையை விட்டு அவள் பாதியில் எழுந்துபோனால் "சரியாக அடைகாக்காத கோழி" என்று பழி சொல்கிறோம். எழாமல் உட்கார்ந்தே செத்துக் கிடப்பதும் உண்டு. குஞ்சு பொரித்துவிட்டால் அவற்றின் சிறிய உடலில் இருக்கும் ரத்தம் சில இரவுகளுக்குக்கூடக் காணாது.

இங்கே வேதி மருந்தும் ஆபத்து, வேப்பெண்ணெயும் ஆபத்து. முட்டை ஓட்டில் நுண்துளைகள் வழியாகத்தான் கரு மூச்சுவிடுகிறது. எண்ணெய் அவற்றை அடைத்தால் கரு உள்ளேயே இறக்கும், அது எந்த மரத்து எண்ணெயாக இருந்தாலும். ஆகவே புதுப் பெட்டியில் புது வைக்கோல் போட்டு வேறிடத்தில் வைத்து, இருட்டிய பிறகு முட்டைகளையும் கோழியையும் மாற்றுங்கள். கால் மணி நேரம் முட்டை ஆறுவதால் கெட்டுவிடாது. அவளே தினமும் அவ்வளவு நேரம் எழுந்துபோகிறவள்தான். பழைய வைக்கோலை அன்றே எரியுங்கள். வாரம் ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். கொண்டை நன்றாக வெளுத்துவிட்டால் அடையைக் கலைத்துவிடுங்கள். முட்டை போனாலும் கோழி பிழைக்கும்.

இனி முட்டை. வெந்நீரும் சிலிக்காவும் மட்டும் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே சாப்பிடலாம். பெர்மெத்ரின் என்றால் லேபிளில் எழுதியபடி. அந்த மாட்டு மருந்தை ஏற்கெனவே ஒரு கோழி மேலாவது தெளித்திருந்தால், மருத்துவர் சொல்லும்வரை எந்த முட்டையையும் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

சுத்தம் செய்து முடித்ததும், நெளிவரி அட்டையில் உள்ளங்கை அளவுத் துண்டை வெட்டி, கோழி கொத்த முடியாதபடி கம்பின் அடியில் கட்டுங்கள். செள் பகலில் அதன் குழல்களுக்குள் ஒளியும். வாரம் ஒருமுறை கழற்றி, வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்துவிட்டு, எரித்துவிட்டுப் புதிது கட்டுங்கள். தாளில் ஒன்றிரண்டு நகர்ந்தால் கம்பு முனைகளுக்கு மட்டும் அன்றே கொதிநீர் ஊற்றுங்கள். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் கூண்டை மறுபடி முழுக்கக் கழற்ற வேண்டும்.