வாசகர் கேள்வி-பதில்: 12 வீடு, 12 வாஷிங் மெஷின்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். எல்லா வீட்டிலும் வாஷிங் மெஷின் உண்டு. பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. இனிப் பழுதாகும்போது புதிது வாங்காமல் பொதுச் சலவை அறை வைக்கலாமா? சண்டைதான் மிஞ்சும் என்கிறார்கள் சிலர்.

பதில்: சண்டை வரும். எதில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் பயப்பட வேண்டாம்.

சுவீடனில் அடுக்குமாடிகளில் பொதுச் சலவை அறை பல தலைமுறையாக இருக்கிறது. வாசலில் நாளும் நேரமும் கட்டம் போட்ட பலகை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய கட்டத்தில் பூட்டினால் அந்த நேரம் உங்களுடையது. பூட்டு ஒன்றே ஒன்று என்பதால் யாரும் வாரம் முழுவதையும் வளைத்துப் போட முடியாது. (அங்கேயும் சுவரில் கோபச் சீட்டு ஒட்டுவது பிரசித்தம்.)

உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு முறைக்கு இரண்டரை மணி நேரம் என்றால், காலை 7 முதல் இரவு 7.30 வரை 5 முறை, வாரத்துக்கு 35. வீட்டுக்கு வாரம் 3 முறை என்றால் 36 தேவை. ஆக ஒரு மெஷின் போதாது. இரண்டு இருந்தால் ஒன்று பழுதானாலும் வண்டி ஓடும். தனி மின் மீட்டர் வைத்து, எத்தனை முறை துவைத்தார்களோ அதற்கேற்ப மின் கட்டணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் இரண்டு பேர் இருக்கும் வீடு முதல் மாதமே முகம் சுளிக்கும்.

முதல் தகராறு சோப்பில் தொடங்கும். முன்பக்கம் திறக்கும் மெஷினில் சோப்பு அதிகமானால் நுரை பொங்கும். பல மெஷின்கள் அதைக் கண்டுகொண்டு கூடுதலாக அலசும். முடியும் நேரம் தள்ளிப்போகும், அடுத்தவர் வாளியோடு நிற்பார். அதனால் அளவுக் கரண்டியை அறையிலேயே கட்டிப் போடுங்கள். துணிக்கு மேலே ஒரு கை நுழைய இடம் விட்டே நிரப்ப வேண்டும்.

இரண்டாவது, அடியில் இருக்கும் வடிகட்டி. சில்லறை, ஹேர்பின், நூல் எல்லாம் அங்கேதான் சேரும். அடைத்தால் தண்ணீர் வெளியேறாது; கதவும் திறக்காமல் துணி உள்ளே மாட்டிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, தட்டு வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மூடியைத் திருக வேண்டும். சுடுதண்ணீரில் ஓடியிருந்தால் ஆறும்வரை பொறுங்கள். இதை “எல்லாரும் பார்த்துக்கொள்வோம்” என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மாதத்துக்கு ஒரு வீடு என்று பெயர் எழுதி ஒட்டுங்கள்.

முடிந்து அரை மணி நேரமாகியும் எடுக்காத துணியை, அடுத்துத் துவைக்க வருபவர் ஒரு கூடையில் எடுத்து வைக்கலாம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் துணியைத் தொடுவது பலருக்குக் கூச்சம். எழுதி வைத்தால் அது போய்விடும்.

கேள்வி: இத்தனை கருவி வந்தும் பக்கத்து வீட்டாரோடு பேச நேரமில்லையே, ஏன்?

பதில்: மிச்சமான நேரத்தை வேலையே தின்றுவிட்டது. அமெரிக்க இல்லத்தரசிகளைப் பற்றி வரலாற்றாளர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதியது இதுதான்: வெளியே சலவைக்குப் போன துணி மெஷின் வந்ததும் வீட்டுக்கே திரும்பியது, சுத்தம் பற்றிய எதிர்பார்ப்பும் ஏறியது, செய்ய ஆள் மட்டும் ஒருவரானார்.

கேள்வி: கேமரா வைத்த அழைப்புமணி மாட்டினேன். எதிர்வீட்டார் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பதில்: அவர் வாசல் உங்கள் போனில் தெரிந்தால் கோபம் நியாயம்தான். தரையிலிருந்து சுமார் 120 செ.மீ. உயரத்தில், சாய்வுக் கட்டை வைத்து உங்கள் படிப் பக்கம் திருப்புங்கள். அப்படியும் அவர் கதவு தெரிந்தால், செயலியில் அந்த இடத்தைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். அசைவைக் கவனிக்கும் எல்லையைக் குறைப்பது மட்டும் போதாது. பதிவு தொடங்கிவிட்டால் படத்தில் அவர் வாசலும் விழும். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். பிறகு அவரை அழைத்து, போனில் என்ன தெரிகிறது என்று காட்டிவிடுங்கள்.